புல்வெளியில் மாடு ஏன் மேயக்கூடாது? செல்வமும் ஓய்வும் ரசனையாக மாறும் விதம்

ஊட்டியில் ஒரு பழைய பங்களா, அதன் முன்னால் கால் ஏக்கர் புல்வெளி. அந்தக் கால் ஏக்கரில் கேரட் விதைத்தால் 100 முதல் 120 நாளில் இரண்டரை டன், கைப்பக்குவம் இருந்தால் மூன்று டன்கூட எடுக்கலாம். புல்வெளியில் ஒன்றும் விளையாது, செலவுதான் விளையும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கிக்குயூ புல்லை வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் தரை மெத்தைபோல் தடித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் நுனி கருகும். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட ஆள் வேண்டும். ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் வெட்டுக்கூலி மிச்சம், எருவும் பாலும் இலாபம். ஆனாலும் எந்தப் பங்களாக்காரரும் மாட்டை உள்ளே விடமாட்டார். விட்டால் என்ன குறைந்துவிடும்?

இதே கேள்வியை அமெரிக்கப் புல்வெளிகளைப் பார்த்துக் கேட்டவர் தோர்ஸ்டைன் வெப்ளன் (1857–1929). நார்வேயிலிருந்து விஸ்கான்சினில் குடியேறிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர். 1899-ல் வெளிவந்த ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்ற நூலில் அவர் சொன்ன பதில் இது: மாட்டைப் பார்த்தால் சிக்கனம் நினைவுக்கு வரும், பயன் நினைவுக்கு வரும். புல்வெளி இருப்பதே ‘இந்த நிலத்தில் எனக்கு வருமானம் தேவையில்லை’ என்று ஊருக்குச் சொல்லத்தான். மாடு வந்தால் அந்தச் சேதி கெட்டுவிடும். அழகுக்கு ஏதாவது மேய்ந்தே ஆகவேண்டும் என்றால் மான் மேயலாம், ஏனென்றால் மானால் வீட்டுக்கு ஒரு லாபமும் கிடையாது.

அந்த நூல் வெளிவந்த 1899-லேயே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலும் ஓடத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை. ஆனால் வெப்ளனின் கருத்தைப் பாடமாகச் சொல்லித்தர நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். மற்ற ஊர்கள் சந்தைக்காக, துறைமுகத்துக்காக, கோயிலுக்காக வளர்ந்தவை. ஊட்டியும் கொடைக்கானலும் ஓய்வெடுப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர்கள்.

வீணாக்கினால்தான் தெரியும்

பணம் இருந்தால் மட்டும் மதிப்பு வராது. இருக்கிறது என்று பிறருக்குத் தெரியவேண்டும். பாஸ்புக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய முடியாது. ஆகவே மறைமுகமான சான்று தேவைப்படுகிறது. அந்தச் சான்று இரண்டு வகை என்றார் வெப்ளன். நேரத்தைக் கண்காணச் செலவழிப்பது பகட்டு ஓய்வு. பொருளைக் கண்காணச் செலவழிப்பது பகட்டு நுகர்வு. இரண்டிலும் பொதுவாக இருப்பது வீணாக்கல்.

ஏன் வீணாக்கவேண்டும்? பயனுள்ள செலவை எல்லோரும் செய்தே தீரவேண்டும் என்பதால். அரிசி வாங்கியதற்காக யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. செய்யாமல் இருந்திருக்கலாம் என்ற செலவுதான் ‘இவரால் முடியும்’ என்று காட்டுகிறது.

இங்கே ஓய்வு என்பதைச் சும்மா படுத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். பிரிட்டிஷார் காலத்து ஊட்டி வேட்டைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் எழுந்து, குளிரில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தின் பின்னால் வென்லாக் டவுன்ஸ் புல்மேடுகளில் மைல்கணக்கில் ஓடுவார்கள். கூலிக்கு அதைச் செய்யச் சொன்னால் கடும் உழைப்பு. ஆனால் அது ஓய்வுக் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் அதனால் அடுப்புக்கு ஒன்றும் வந்து சேராது. இங்கிலாந்தில் துரத்திய செந்நரி இங்கே இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். குள்ளநரியை யாரும் தின்பதில்லை. வெப்ளனின் இலக்கணப்படி ஓய்வு என்றால் ஆதாயம் தராத முறையில் நேரத்தைச் செலவிடுவது. வேர்த்துக் கொட்டினாலும் அது ஓய்வே.

ஓய்வில் ஒரு சிக்கல் உண்டு. அது முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று மாதம் மலையில் இருந்ததை, இல்லாத ஆட்களுக்கு எப்படிக் காட்டுவது? அதற்குச் சாட்சிப் பொருள் வேண்டும். அன்று சுவரில் மாட்டிய காட்டெருமைத் தலை. இன்று தொட்டபெட்டாவில் எடுத்த படம், அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டாகக் கொடுக்கும் ஹோம்மேட் சாக்லேட், தைல பாட்டில், வர்க்கி பாக்கெட். நடை, பேச்சு, ஆட்ட விதிகள் போன்றவையும் சாட்சிகள்தான், கையில் பிடிக்க முடியாத சாட்சிகள். ஸ்னூக்கர் ஆட்டத்தை 1875-ல் ஜபல்பூரில் உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்). அதன் விதிகள் எழுத்தில் ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். எந்தப் பந்துக்கு எத்தனை புள்ளி என்று தடுமாறாமல் சொல்பவர் எத்தனை பிற்பகல்களை அந்த மேசையருகே கழித்திருக்கிறார் என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

மலையில் ஓய்வு எவ்வளவு இடம் பிடித்தது என்பதை நிலத்தை வைத்தே அளக்கலாம். சரிவுகளுக்கு நடுவே சமதளம்தான் மிக அரிது. ஊட்டியின் நடுவில் இருந்த அப்படிப்பட்ட நிலத்தில் 50 ஏக்கருக்கு மேல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. 2024-ல்தான் அரசு அதைத் திரும்ப எடுத்தது.

பிறர் நேரத்தையும் வீணாக்கலாம்

ஒரு ஆள் வீணாக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 24 மணிதான். அதற்குமேல் காட்டவேண்டும் என்றால் அடுத்தவர் நேரத்தை வாங்கி வீணாக்கவேண்டும். இது பதிலி ஓய்வு. சீருடை போட்ட வேலையாள் கதவருகே நிற்கிறார். கதவைத் திறக்க ஒரு ஆள் தேவையில்லைதான். அவர் நிற்பதே அங்கே அவருடைய வேலை.

1870-களிலிருந்து மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு ஏறிவிடும். ஆளுநர் மட்டுமல்ல, செயலர்கள், எழுத்தர்கள், கோப்புப் பெட்டிகள், சமையல்காரர்கள் எல்லாம். மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வெடுக்க வரவில்லை, ஒருசிலரின் ஓய்வு தடைப்படாமல் இருக்க உழைக்க வந்தார்கள். மலைவாசத்தலங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

இன்றைய வடிவம், வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் பூட்டிக்கிடக்கும் வார இறுதி பங்களா. வாட்ச்மேனும் தோட்டக்காரரும் உண்டு. உரிமையாளர் பார்க்காத புல்லை வாரம்தோறும் தோட்டக்காரர் வெட்டுகிறார். கூலி அவருக்கு, மதிப்பு பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் உரிமையாளருக்கு.

ஹட்டியிலும் சேரிங்கிராஸிலும்

பகட்டு எந்த உருவம் எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது பார்ப்பவர் யார் என்பது. நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஊரான ஹட்டி ஒன்றில் யாருக்கு எத்தனை ஏக்கர் தேயிலை, யார் மகன் எங்கே வேலை, எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே விலையுயர்ந்த கைக்கடிகாரம் பெரிதாக எதையும் சேர்த்துவிடாது. பலநாள் விழாவுக்கு நேரம் கொடுப்பது, ஊர்க் காரியத்தில் முன்நிற்பது, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவது ஆகியவைதான் எடைபோடப்படும். அதே ஆள் சீசன் நேரத்தில் ஊட்டியின் முக்கியச் சந்திப்பான சேரிங்கிராஸில் நின்றால் எதிரே வருபவர் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. இரண்டு நொடிப் பார்வையில் பதிய வேண்டுமென்றால் காரும் செருப்பும் ஜாக்கெட்டும்தான் பேசவேண்டும்.

ஊர் சிறிதாக, ஒருவரையொருவர் அறிந்ததாக இருக்கும்வரை ஓய்வும் நடத்தையும் செல்லும். ஊர் பெருத்து அந்நியர் கூடும்போது பொருள் முந்திக்கொள்ளும். இது வெப்ளனே சொன்னது. நகரத்துக்காரர்கள் கிராமத்தாரைவிட ஆடம்பரப் பிரியர்கள் என்று பழி போடுவதற்கு முன், நகரத்தில் வேறு மொழி செல்லுபடியாவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு படி மேலே பார்ப்பது

யாரும் தன்னை உலகின் பெரிய பணக்காரரோடு ஒப்பிட்டு வருந்துவதில்லை. ஒரு படி மேலே இருப்பவரைத்தான் பார்க்கிறோம். அவர் தனக்கு ஒரு படி மேலே பார்க்கிறார். இந்தச் சங்கிலி வழியாகத்தான் மேலிடத்துப் பழக்கம் கீழே இறங்குகிறது. ஊட்டியில் ஆளுநர் இருந்தார், அதனால் மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில் அரண்மனை. ஜோத்பூர் மகாராஜாவுக்கு ஆரன்மோர், அதுதான் இன்று அரசு விருந்தினர் மாளிகையான தமிழகம். அவர்களைப் பார்த்து வணிகர்களும் தோட்ட முதலாளிகளும். அவர்களைப் பார்த்து இன்று தவணையில் வாங்கும் இரண்டு படுக்கையறை ‘வேலி வியூ’ ஃப்ளாட்.

எல்லோரும் வந்துசேர்ந்ததும் மேலே இருந்தவர் நகர்ந்துவிடுவார். ‘ஊட்டி கெட்டுப்போச்சு, இப்ப நாங்க குன்னூர்தான்’ என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். குன்னூரும் நிரம்பியதும் கோத்தகிரி. அதன்பிறகு போர்டே வைக்காத, தெரிந்தவர் சொன்னால்தான் அறை கிடைக்கும் ஹோம்ஸ்டே. பழனி மலையில் கொடைக்கானல் ஏரிக்கரையிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நகர்ந்ததும் இதே கதைதான்.

இதைக் கணக்குப் பாடமாக்கியவர் பொருளியலாளர் ஹார்வி லைபென்ஸ்டீன். 1950-ல் எழுதிய கட்டுரையில் மூன்று விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். எல்லோரும் வாங்குவதால் நானும் வாங்குவது ஒன்று. எல்லோரும் வாங்கிவிட்டதால் நான் விட்டுவிடுவது இன்னொன்று. விலை அதிகம் என்பதாலேயே வாங்குவது மூன்றாவது, இதற்குத்தான் அவர் வெப்ளனின் பெயரை வைத்தார். மூன்றையும் பிரிக்க ஒரு வழி: ஓர் ரிசார்ட் தன் அறை வாடகையைப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அறையும் மெத்தையும் ஜன்னலும் அதேதான். பழைய வாடிக்கையாளர்கள், கூட்டம் வரட்டும் என்று காத்திராமல், விலை இறங்கியதாலேயே விலகினால் அது வெப்ளன் விளைவு. கூட்டத்தைப் பார்த்தபின் விலகினால் இரண்டாவது வகை. கூட்டத்தைப் பார்த்துப் புதியவர்கள் வந்தால் முதல் வகை. நடைமுறையில் மூன்றும் கலந்தே நடக்கும்.

மலையில் இதற்கு ஓர் இறுதி எல்லையும் இருக்கிறது. பொருளியலாளர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976-ல் சில பொருள்களை இடநிலைப் பொருள்கள் என்று தனியே பிரித்தார். எவ்வளவு பணம் பெருகினாலும் அவற்றின் அளவு பெருகாது. பள்ளத்தாக்கைப் பார்த்த முதல் வரிசை வீடு, கூட்டமில்லாத காட்சிமுனை, நெரிசலில்லாத கொண்டை ஊசி வளைவு. எல்லோரும் நுனிக்காலில் எம்பி நின்றால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது என்றார் அவர். 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எம்பி நிற்பவர்களின் எண்ணிக்கைக்குச் சட்டமே கோடு போடவேண்டி வந்திருக்கிறது.

விலை எப்படி அழகாகிறது

இதுவரை சொன்னது பகட்டு. ரசனை இதைவிட நுட்பமானது. வெப்ளனின் புகழ்பெற்ற உதாரணம் கரண்டி. கையால் செய்த வெள்ளிக் கரண்டி அவர் காலத்தில் 10 முதல் 20 டாலர். இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டி 10 முதல் 20 சென்ட். சூப் குடிக்க இரண்டும் ஒன்றே. ஆனாலும் வெள்ளிக் கரண்டி அழகாக இருக்கிறது என்கிறோம், பொய்யாக அல்ல, உண்மையிலேயே அப்படித் தோன்றுகிறது. விலை முதலில் மதிப்பாகிறது. மதிப்பு பழகிப்பழகி அழகாகிறது. கடைசியில் விலை மறந்துபோய் அழகு மட்டும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கட்டத்துக்குத்தான் ரசனை என்று பெயர்.

நம் கரண்டி, நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பூத்துக்குளி என்ற போர்வை. முரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், சட்டகம் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரி. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்களுக்கு அது விழாவில் போர்த்துவது, இறந்தவரைப் போர்த்தி அனுப்புவது. இப்போது அதே வேலைப்பாடு ஸ்டோலாக, மேசை விரிப்பாக, பையாகக் கடைகளில் விற்கிறது. அதே கட்டங்களை இயந்திரத்தில் நெய்த போலியும் வருகிறது, மிகவும் ஒழுங்காக. அந்த ஒழுங்குதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. கைவேலையில் ஓரிடத்தில் இழை நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். வாங்குபவர் அந்தச் சிறு பிசகைத் தேடிப் பார்த்து மகிழ்கிறார். எண்பது ஆண்டுக்கு முன் இதே பிசகு இயந்திரத் துணியின் முன் நாட்டுப்புறத்தனமாகத் தெரிந்திருக்கும். இயந்திரத் துணி மலிந்தபின்தான் கைப்பிசகு அழகானது. இதை வைத்து வாங்குபவரைக் கேலி செய்யவேண்டியதில்லை. அந்த ரசனை இருப்பதால்தான் தைப்பவருக்குக் கூலி கிடைக்கிறது.

தேநீரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் இங்கே நாக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரே செடியின் இலை, இரண்டு பாதை. சி.டி.சி. முறையில் பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும். சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பாக இருக்கும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாடவைத்து, உருட்டி, காற்றில் பதமாக்கி உலர்த்துவார்கள். சாயம் மெல்ல இறங்கும், மணம் தங்கும். குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி மந்தமாகும்போது பறித்ததற்குத் தனி மணம் உண்டு, அதற்குத் தனி விலையும் உண்டு.

விலையைப் பாருங்கள். டஸ்ட் கிலோ 200 ரூபாய், நயமான ஆர்த்தடாக்ஸ் கிலோ 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கப்புக்கு 2 கிராம் போட்டால் கிலோவுக்கு 500 கப். முதலாவது கப்புக்கு 40 பைசா, இரண்டாவது 10 ரூபாய். இந்த 9 ரூபாய் 60 காசில் எவ்வளவு மணத்துக்கு, எவ்வளவு பெட்டிக்கு, எவ்வளவு மேசையில் வைத்துக் காட்டுவதற்கு? முழுவதும் பகட்டு என்று சொன்னால் தவறு. மணம் உண்மையிலேயே வேறு. ஆனால் அந்த மணத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும். 200 மில்லி நீருக்கு 2 முதல் 2.5 கிராம் இலை, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய 90 டிகிரி, 3 அல்லது 4 நிமிடம், பால் சேர்க்காமல். புதிதாக வாங்குபவர் வழக்கம்போல் பாலில் போட்டுக் கொதிக்கவிடுவார். மணம் ஆவியாகிவிடும், கடுப்பும் வராது. ‘இதுக்கா இவ்வளவு விலை’ என்பார். அவரிடம் பணம் இருக்கிறது. பாடம்தான் இல்லை.

இந்த ‘பாடம்’தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ (1930–2002) வெப்ளனோடு சேர்த்தது. பணம் ஒரு மூலதனம் என்றால், எதை எப்படிக் குடிப்பது, எதைப் பார்த்து என்ன சொல்வது என்ற அறிவும் ஒரு மூலதனம், பண்பாட்டு மூலதனம். பணத்தை ஒரே நாளில் கைமாற்றலாம். இதைக் கைமாற்ற ஒரு பிள்ளைப்பருவம் தேவை. மலைமேல் இருக்கும் உறைவிடப் பள்ளிகள் விற்பது பாடத்திட்டத்தை மட்டுமல்ல, குதிரையேற்றம், உச்சரிப்பு, முள்கரண்டி பிடிக்கும் கை, அறைக்குள் நுழையும் நடை இவற்றையும்தான். லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கப்பட்டது சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக. இன்று அதன் பெயருக்கு உள்ள எடை வேறு. நிறுவனங்களும் காலப்போக்கில் இந்த ஏணியில் இடம் மாறும்.

பூர்தியூ 1963-லும் 1967–68-லும் பிரான்சில் 1,217 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். அதில் ஒன்று: எதைப் படம் எடுத்தால் அழகாக இருக்கும்? படிப்பு குறைந்தவர்களில் பலர் சூரிய அஸ்தமனம் போன்றவற்றைச் சொன்னார்கள். படிப்பு கூடக்கூட முட்டைக்கோஸும் மரப்பட்டையும்கூட நல்ல படமாகும் என்றவர்கள் அதிகமானார்கள். நீலகிரியில் முட்டைக்கோஸுக்குப் பஞ்சமில்லை. கேத்தி பள்ளத்தாக்கில் கோஸ் வரிசைகளைக் குனிந்து படம் எடுப்பவர் யார், ஊட்டி ஏரிப் படகின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொள்பவர் யார் என்று பாருங்கள். கோஸ் பயிரிட்டவர் இரண்டையும் எடுப்பதில்லை. மூட்டை ஏற்றும் லாரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தேவையிலிருந்து தள்ளி நிற்க முடிந்தவருக்குத்தான் கோஸ் ஒரு வடிவமாகத் தெரியும். கடுப்பான பால் டீயும் அப்படித்தான். குளிரில் காலையிலிருந்து பச்சைத் தேயிலை பறிப்பவருக்குச் சூடும் சர்க்கரையும் வேண்டும். அதைத் தாழ்ந்த ரசனை என்று சொல்பவர் அந்தக் குளிரில் அந்த வேலையைச் செய்யாதவர்.

பழைய ஸ்வெட்டர்

இத்தனைக்கும் நடுவே, மலையில் நான்கு தலைமுறையாக இருக்கும் பங்களாக்காரர் முழங்கையில் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டரில் சந்தைக்கு வருவார், ஓடுமா ஓடாதா என்று தெரியாத ஜீப்பில். இதனால் வெப்ளன் தோற்றுவிட்டார் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இல்லை. தன்னை யாரும் ஏழை என்று தவறாக எண்ணமாட்டார்கள் என்ற நிச்சயம் அந்தப் பங்களாக்காரருக்கு இருக்கிறது. அந்த நிச்சயத்தைக் காட்டுவதும் பகட்டின் ஒரு வகையே. அதே ஒட்டுப்போட்ட ஸ்வெட்டரை அவருடைய தோட்டக்காரர் போட்டால் அது வெறும் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர்.

ஒரு பொருளை எப்படிச் சோதிப்பது

எந்தப் பொருளானாலும் முதலில் அதே வேலையைச் செய்யும் மிக மலிவான பொருளின் விலையைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். அந்த வித்தியாசத்தில் ஆயுள், வசதி, கூலி, சுவை எனச் சொல்லக்கூடியவற்றைக் கழியுங்கள். மீதிதான் அந்தஸ்துக் கூறு. அடுத்து, யாரும் பார்க்காத இடத்தில் இதை வாங்குவாரா என்று கேளுங்கள். வரவேற்பறையில் ஆர்த்தடாக்ஸ், சமையலறையில் டஸ்ட் என்றால் விடை கிடைத்துவிட்டது. கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இதை வாங்கிவிட்டால் விருப்பம் கூடுமா, குறையுமா? தண்ணீர் ஹீட்டர் என்றால் ஒரு மாற்றமும் இராது. பள்ளத்தாக்கைப் பார்த்த மொட்டைமாடி என்றால் பாதிக்குமேல் போய்விடும்.

இதில் வழக்கமாக நேரும் பிழைகள் சில. விலை கூடியதெல்லாம் பகட்டு என்று எண்ணுவது முதலாவது. நல்ல மழைக்கோட்டு விலை கூடியதுதான், ஆனால் ஜூலையில் தேவாலா, கூடலூர் பக்கம் அது தேவை. பகட்டு பணக்காரருக்கு மட்டும் உரியது என்பது அடுத்தது. மிக ஏழையும் இதை முழுக்கக் கைவிடுவதில்லை என்று வெப்ளன் தெளிவாக எழுதியிருக்கிறார். கடன் வாங்கி நடத்தும் காதுகுத்து விருந்தைப் பார்த்தவருக்கு இதற்கு மேற்கோள் தேவையில்லை. மூன்றாவது, எல்லோரும் திட்டம் போட்டு நடிக்கிறார்கள் என்று நினைப்பது. பெரும்பாலானோரைச் செலுத்துவது உயர வேண்டும் என்ற ஆசையைவிட, குறைவாகத் தெரிந்துவிடக்கூடாது என்ற கூச்சம்தான்.

நான்காவது பிழை கொஞ்சம் பெரியது. ‘வீண்’ என்ற முத்திரையைக் குத்துபவர் யார் என்று பார்க்க மறப்பது. தோடர் ஈமச்சடங்கில் எருமைகளைப் பலியிடுவது மரபு. இறந்தவரோடு அவை மறுவுலகுக்குப் போகின்றன என்பது நம்பிக்கை. உறவுகள் கூடி, கடமைகள் தீர்க்கப்படும் சடங்கும் அது. பிரிட்டிஷ் நிர்வாகம் இதை வீண்செலவாகக் கண்டு, பலியிடும் எருமைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. தோடர் எருமைகள் மேய்ந்த புல்மேடுகளிலேயே அந்த நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் தின்ன முடியாத குள்ளநரியைக் குதிரையில் துரத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு விளையாட்டு என்று பெயர், அதற்கு வரம்பு இல்லை. வெப்ளன் தன் நூலில் ‘வீண்’ என்ற சொல்லைக் கண்டனமாகப் பயன்படுத்தவில்லை என்று மெனக்கெட்டு விளக்கியிருக்கிறார். செய்பவரின் பார்வையில் எந்தச் செலவும் வீணில்லை, செய்யாவிட்டால் அவருக்கு மதிப்பு குறையும். ஆகவே வெப்ளனின் அளவுகோலை அடுத்தவர் வீட்டு எருமைமேல் வைக்கும்போது, தன் வீட்டுப் புல்வெளிமேலும் அதே கையோடு வைத்துப் பார்க்கவேண்டும்.